இருட்டறைக்கு யார் பொறுப்பு?

சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? ஜி.எஸ்.டி. ரோட்டில், செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர். கோயில் பெயரே ஊருக்கும் பெயராகிவிட்டது. பாறையைக் குடைந்து பல்லவர் காலத்தில் எழுப்பிய சந்நிதியில் பாடலாத்ரி நரசிம்மர். இவருக்கு நெற்றிக் கண் உண்டு என்பது இங்கே விசேஷம். ஆரத்தி காட்டும்போது அர்ச்சகர் திருமண் காப்பை லேசாக உயர்த்துவார். தீப வெளிச்சத்தில் அந்த மூன்றாவது கண் ஒரு கணம் தெரியும். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தால்...

வேறு உலகம்! ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலை இந்த ஊரில்தான் பிரிகிறது. கண்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பைக்கை விரட்டும் இளைஞர்கள். ராத்திரி 2 மணிக்கு அதில் ஒரு பைக் சறுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 வருகிறது. சுமார் 10 கிலோமீட்டரில் செங்கல்பட்டு ஜி.ஹெச். பையன் நன்றாகப் பேசுகிறான். ‘எனக்கு ஒண்ணும் இல்ல சார், வீட்டுக்குப் போறேன்’ என்கிறான். வெளியே சின்ன சிராய்ப்புதான். ஆனால், மண்டை ஓட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால்? சில மணி நேரம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அப்படியே நினைவு தப்பிப்போனவர்கள் உண்டு. டியூட்டி டாக்டருக்கு இரண்டு கண்தான். அந்த நேரத்தில் அவருக்கும் மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது.

அதுதான் சி.டி. ஸ்கேன். மெஷின் இருந்தால் மட்டும் போதுமா? அது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். அதை இயக்க ராத்திரி டியூட்டியில் ஆள் இருக்க வேண்டும். காலையிலிருந்து காத்திருப்பவர்களைத் தாண்டி இந்தப் பையனை முதலில் உள்ளே அனுப்புகிற அதிகாரம் யாருக்காவது இருக்க வேண்டும். வந்த படத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இத்தனைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு நாற்காலி ஒவ்வொரு பெரிய அரசு ஆஸ்பத்திரியிலும் உண்டு. ரேடியாலஜி துறையின் தலைவர். நோயாளிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆபரேஷன் செய்த டாக்டர் காலில் விழுகிறவர்கள், இவர் இருக்கும் அறைப் பக்கம்கூடப் போவதில்லை.

அந்த நாற்காலி சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பல பேர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

கதை 1895, நவம்பர் 8-ம் தேதி ஜெர்மனியில் தொடங்குகிறது. வுர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இருட்டு அறையில் வில்ஹெம் ராண்ட்கன் என்கிற பேராசிரியர், ஏதோ ஒரு கதிர் கறுப்புக் காகிதத்தையும் தாண்டிப் போவதைக் கண்டார். என்ன கதிர் என்று தெரியாததால் ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். டிசம்பரில் மனைவியின் கையை வைத்துப் படம் எடுத்தார். எலும்புகளும், விரலில் மோதிரமும்! சில வாரங்களில் உலகமே அந்தப் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். ஆனாலும் மனுஷர் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

விட்டதும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எலெக்ட்ரீஷியன்கள், போட்டோகிராபர்கள், திருவிழாவில் வேடிக்கை காட்டுகிறவர்கள் எல்லோரும்! ‘உங்கள் எலும்பை நீங்களே பாருங்கள்’ என்று காசு வாங்கிக் காட்டினார்கள். நம்ம எல்லையிலும் அது சீக்கிரமே வந்துவிட்டது. 1897-98-ல் வடமேற்கு எல்லைப்புறத்தில் நடந்த திரா சண்டைக்கு பீவோர் என்கிற ராணுவ டாக்டர் எக்ஸ்ரே கருவியை மலைமேல் தூக்கிக்கொண்டு போனார். சிப்பாய்களின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு!

கதிர் கண்ணுக்குத் தெரியாது. உடம்பில் படும்போது சுடவும் செய்யாது. அதனால் பயமும் இல்லை. அங்கேதான் விபரீதம்!

அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் எக்ஸ்ரேயில் இறங்கினார். அவரிடம் கிளாரன்ஸ் டாலி என்று ஓர் உதவியாளர். டியூப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, டாலி தினமும் தன் கையையே கதிருக்கு நடுவில் நீட்டுவார். முதலில் முடி உதிர்ந்தது. தோல் வெந்தது. பிறகு புற்றுநோய். ஒரு கையை எடுத்தார்கள். அடுத்த கையையும் எடுத்தார்கள். 1904-ல் டாலி இறந்தபோது அவருக்கு 39 வயதுதான். எடிசன் அதற்கு முன்பே அரண்டுபோய் எக்ஸ்ரே ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டார்.

டாலியோடு முடியவில்லை. 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு நினைவுத்தூண் நிறுவினார்கள். எக்ஸ்ரேக்கும் ரேடியத்துக்கும் பலியான டாக்டர்கள், டெக்னீஷியன்கள், நர்ஸ்கள் பெயரெல்லாம் அதில் செதுக்கப்பட்டன. முதலில் 169 பெயர்கள். பிறகு சேர்த்துக்கொண்டே போய் 350-ஐத் தாண்டியது. யுத்தத்தில் செத்தவர்களுக்கு நடுகல் பார்த்திருக்கிறோம். இது படம் எடுக்கப் போய்ச் செத்தவர்களுக்கு!

ஆக, எக்ஸ்ரே அறைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றானதற்கு முதல் காரணம், நோயாளியைவிட அங்கே வேலை பார்க்கிறவர்தான். நோயாளி வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். டெக்னீஷியன் தினமும் அங்கேயே நிற்கிறவர். ஈயக் கவசம் போட்டிருக்கிறாரா, சுவர் போதுமான கனத்தில் இருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் வேண்டாமா? இன்றைக்கு இந்தியாவில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் சின்ன டி.எல்.டி. பேட்ஜ், டாலி போன்றவர்களின் கணக்கு வழக்கிலிருந்து வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்பி, அந்த ஊழியர் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறார் என்று அளக்கிறார்கள். பேட்ஜை மேஜை டிராயரில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வேலை பார்த்தால்? கணக்கு சுத்தமாக இருக்கும். உடம்பு இருக்காது. அதைக் கண்டுபிடித்து அதட்டுவதும் அந்த நாற்காலியின் வேலைதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பயங்கரமானது.

1929, மே 15. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் என்ற பிரபலமான மருத்துவமனை. அந்தக் கால எக்ஸ்ரே ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. சினிமா ஃபிலிமும் அதேதான். பற்றினால் அணைக்க முடியாது. அப்படிப்பட்ட ஃபிலிம்களை அடித்தளத்து அறையில் அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீராவிக் குழாய். அன்றைக்குக் காலையில் குழாயில் கசிவு. ரிப்பேருக்கு ஆள் வந்தார். குழாய் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். நீராவிச் சூடா, எரிந்துகொண்டிருந்த பல்பா, யாராவது போட்ட சிகரெட்டா... கடைசிவரை முடிவாகவில்லை. ஃபிலிம் பற்றிக்கொண்டது.

தீயைவிடப் புகைதான் எமன். மஞ்சள் நிற விஷ வாயு குழாய்கள் வழியாகக் கட்டடம் முழுக்கப் பரவியது. சொந்தக் காலில் நடந்து வெளியே வந்து, ‘தப்பிச்சோம்’ என்று பெருமூச்சு விட்டவர்கள், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறிச் செத்தார்கள். அந்த கிளினிக்கை ஆரம்பித்தவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் பிலிப்ஸும் அப்படித்தான் போனார். மொத்தம் 123 பேர்! தீப்பிடிக்காத ‘சேஃப்டி ஃபிலிம்’ அப்போதே கடையில் கிடைத்தது என்பதுதான் கொடுமை. பழைய ஃபிலிம்களை எங்கே, எப்படி வைக்கிறோம் என்று யோசிக்க அங்கே ஒருவர் இல்லை. அதன் பிறகுதான் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள் விழித்துக்கொண்டன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னை ஜி.ஹெச்., அதாவது நம் பெரியாஸ்பத்திரிக்கு 1900-லேயே எக்ஸ்ரே வந்துவிட்டது. ராண்ட்கன் கண்டுபிடித்து ஐந்தே வருஷம்! ஆனால் அந்த நாளில் உலகம் பூராவும் எக்ஸ்ரே என்றால் ஆஸ்பத்திரியின் ஏதோ ஒரு மூலையில் ஓர் இருட்டறை, ஒரு மெஷின், ஓர் ஆள். அவ்வளவுதான். அதை ஒரு தனி வைத்தியப் பிரிவாக யாரும் நினைக்கவில்லை.

சென்னையில் அதை மாற்றியவர் கேப்டன் டி.டபிள்யூ.பார்னார்டு என்கிற ஆங்கிலேயர். எக்ஸ்ரேயை மூலையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். 1934-ல் பெரியாஸ்பத்திரி வளாகத்தில், எக்ஸ்ரேக்கென்றே, கதிர் சிகிச்சைக்கென்றே ஒரு தனி நிறுவனம் உருவானது. பெயர் பார்னார்டு இன்ஸ்டிட்யூட் ஆஃப் ரேடியாலஜி. இன்றைக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அது இயங்குகிறது. அதே 1934 ஜூலையில்தான், ரேடியத்தோடு வாழ்நாளைக் கழித்த மேரி கியூரி ரத்தம் சுண்டிப்போய் இறந்தார். அதாவது, கதிரால் என்ன கெடுதல் என்று உலகத்துக்கு நன்றாகத் தெரிந்துவிட்ட காலத்தில்தான் சென்னை நிறுவனம் பிறக்கிறது.

பார்னார்டுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் பி.ராமராவ். அங்கே டைரக்டரான முதல் இந்தியர். இந்த நிறுவனத்தின் பெரிய சாதனை என்று எதைச் சொல்வீர்கள்? மெஷின்களை அல்ல. அதைவிட முக்கியமாக, ‘படம் எடுப்பது, படம் பார்ப்பது இரண்டும் படித்துப் பயிற்சி எடுத்துச் செய்ய வேண்டிய வேலை’ என்று நிலைநாட்டியதைத்தான் சொல்ல வேண்டும். இங்கே படித்துவிட்டுப் போனவர்கள் பல ஊர்களில் எக்ஸ்ரே துறைகளைக் கட்டி எழுப்பினார்கள்.

‘படம் பார்ப்பதில் என்ன பெரிய பயிற்சி? கண் இருந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது’ என்று தோன்றுகிறதா? அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் எல்.ஹெச்.கார்லண்ட் என்கிற ரேடியாலஜிஸ்ட்டும் வேறு சிலரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அனுபவசாலிகளான டாக்டர்களிடம் ஒரே நெஞ்சு எக்ஸ்ரேக்களைத் தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒருவர் ‘டி.பி. இருக்கிறது’ என்ற படத்தை இன்னொருவர் ‘ஒன்றும் இல்லை’ என்றார். போகட்டும். அதே டாக்டரிடம் அதே படத்தைக் கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்தால், போன தடவை சொன்னதற்கு மாறாகச் சொன்னார்! மருத்துவ உலகமே அதிர்ந்தது. தப்பு அந்த டாக்டர்களின் திறமையில் இல்லை. மனிதக் கண்ணின் இயல்பு அது. அப்படியானால் என்ன வழி? ஒரு படத்தை இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். அவர்கள் மோதினால் மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பிரமாண்டமாக நடத்திக் காட்டிய இடம் எது தெரியுமா? நம்ம செங்கல்பட்டு மாவட்டம்! 1968-ல் பி.சி.ஜி. தடுப்பூசி டி.பி.யைத் தடுக்கிறதா என்று சோதிக்க, உலகின் மிகப் பெரிய ஆய்வு ஒன்று இங்கே தொடங்கியது. இடம், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து திருவள்ளூர் வட்டாரம். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 2,81,161 பேருக்கு ஊசி. யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருஷக்கணக்கில் கிராமம் கிராமமாகப் போய்த் திரும்பத் திரும்ப நெஞ்சு எக்ஸ்ரே. ஒவ்வொரு படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள்.

முடிவு? 15 வருஷத் தகவல்களையும் அலசியபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரிந்தது. யாரும் எதிர்பார்க்காத முடிவு. (குழந்தைகளுக்கு வரும் கடுமையான டி.பி. வகைகளுக்கு அது காப்பு தருகிறது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம்.) உலகம் இந்தக் கசப்பான முடிவை நம்பியதென்றால், எக்ஸ்ரேயைப் பார்த்த விதத்தில் இருந்த ஒழுங்கும் அதற்கு ஒரு காரணம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி முன்னால் வரிசையில் நின்ற அந்தக் கிராமத்து ஜனங்களை எந்தப் பாடப்புத்தகமும் பெயர் சொல்லி எழுதவில்லை.

அடுத்த பாய்ச்சல் 1971-ல். லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற இன்ஜினீயர் (பீட்டில்ஸ் ரெக்கார்டு போட்ட அதே ஈ.எம்.ஐ.தான்!) மூளையைச் சீவல் சீவலாகப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனரைச் செய்தார். அக்டோபர் 1-ம் தேதி முதல் நோயாளிக்கு ஸ்கேன். 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு.

அதே 1971-ல் நம்ம பக்கத்திலும் ஒரு காரியம் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 20 வருஷம் இயற்பியல் பேராசிரியராக இருந்துவிட்டு, அப்போதுதான் பெங்களூர் போயிருந்தார் ஜி.என்.ராமச்சந்திரன். அவரும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் சேர்ந்து ஒரு கணக்கு வழி கண்டுபிடித்தார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களை வைத்து உள்ளே இருப்பதன் முழு உருவத்தைத் திரும்பக் கட்டுவது எப்படி என்கிற கணக்கு. அதுவரை இருந்த முறையில் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. இவர்கள் முறையில் வேலை சுருக்கமாக முடிந்தது. பின்னால் வந்த சி.டி. மெஷின்களில் பல வருஷம் கோலோச்சியது இந்த வகைக் கணக்குதான். ‘ராம்-லாக்’ என்று இரண்டு பேர் பெயரையும் சுருக்கி இன்றும் பாடத்தில் சொல்கிறார்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் தலையை ஸ்கேன் செய்யும்போது, அதன் கணக்கில் நம்மவர் இருவர் பெயர்!

பெருமைதான். ஆனால் அந்த மெஷின் ஏழைக்குக் கிடைக்குமா? கோடிக்கணக்கில் விலை. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம். அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார். ஆறு மாதத்தில் ஒரு உதிரி பாகம் போகும். ஃபைல் மேலே போகும், கீழே வரும். மெஷின் மேல் துணியைப் போர்த்திவிடுவார்கள். ‘வாங்கிய கருவி பயன்படுத்தப்படவில்லை’ என்பது இந்தியாவின் தணிக்கை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற வாசகம். வாசலில் நிற்கும் நோயாளியிடம் ‘வெளியே எடுத்துட்டு வாங்க’ என்பார்கள். வெளியே என்றால் பல ஆயிரம். தாலிச் செயின் அடகுக் கடைக்குப் போகும்.

1994-ல் தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனம் உருவானது. முதல் வேலை, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து மாத்திரைகளை ஒழுங்காக வாங்கிக் கொடுப்பது. அதை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போயின. இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரசு ஆஸ்பத்திரிகளிலேயே ஸ்கேன் மையங்களை நிறுவி, மெஷினைப் பராமரிக்கிற பொறுப்பையும் அது எடுத்துக்கொண்டது. சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். வெளிச் சந்தையில் அதைப் போலப் பல மடங்கு. ‘அரசு ஆஸ்பத்திரியில் எதற்குக் கட்டணம்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். 500 ரூபாயும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இலவசம் என்ற போர்டுக்குக் கீழே தூங்குகிற மெஷினைவிட, 500 ரூபாய்க்கு ராத்திரியிலும் ஓடுகிற மெஷின் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. பிறகு காப்பீட்டுத் திட்டங்கள் வந்தன. 2021 டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கினார்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பையன்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது மறுபடி அந்த நாற்காலியைப் பாருங்கள். அதில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நாளில் எத்தனை வேலை! அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஒவ்வொரு எக்ஸ்ரே கருவிக்கும் சரியாக இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுத்தால் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் படிவம் எழுத வேண்டும். பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழிக்கிற கொடுமையைத் தடுக்க வந்த சட்டம் அது. ஒரு டெக்னீஷியன் லீவு என்றால் மாற்று ஆள். மெஷின் நின்றால் போன் மேல் போன். புதிதாகச் சேர்ந்த பி.ஜி. மாணவர் படத்தைச் சரியாகப் படித்தாரா என்று மறுபடி பார்க்க வேண்டும். 2021-ல் உலக சுகாதார நிறுவனம், டி.பி.க்கான எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரே படிக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. நல்லதுதான். இரண்டாவது கண்ணாக அது இருக்கட்டும். ஆனால் கம்ப்யூட்டர் ஒன்றைத் தவறவிட்டால் யாரைக் கேட்பது? அதற்கும் அந்த நாற்காலிதான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை வரிசைதான். காலை ஆறு மணிக்கே மதுராந்தகத்திலிருந்து பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டி. அவரைத் தாண்டி ஸ்ட்ரெச்சரில் உள்ளே போகும் விபத்துக் கேஸ். நடுவில் ஒரு ‘வேண்டப்பட்டவர்’ போன். இந்த மூன்றில் யார் முதலில் என்று முடிவெடுப்பதற்கு எந்த மெஷினும் உதவாது. விபத்துக் கேஸை முதலில் அனுப்பி, போனை வைத்துவிட்டு, பாட்டியிடம் ‘அடுத்தது நீங்கதாம்மா’ என்று எழுந்து போய்ச் சொல்கிறாரே, அவர் இருக்கிற ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி.

அடுத்த தடவை ஏதோ ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்க நேர்ந்தால், கதவில் இருக்கும் அந்த மஞ்சள் நிற எச்சரிக்கைப் படத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் தள்ளாதீர்கள். உள்ளே நிற்கிற டெக்னீஷியனின் சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தால், அங்கே பொறுப்பாக யாரோ ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.